துண்டுக்குள் விரல்

நகராது, இந்த வரிசை இன்றைக்கு நகரவே நகராது, கல்யாண மண்டபத்தில் பொம்மைச் சந்தை போட்டால் இந்த லட்சணம்தான், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற தங்கக் கலர் நாற்காலியை மேடை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு ரப்பர் பூதத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நேற்று இங்கே ரிசப்ஷன் நடந்திருக்க வேண்டும், சாம்பார் வாசனை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை, நான் கை கழுவுகிற குழாய்களுக்குப் பக்கத்தில் சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு நிற்கிறேன், நான், பர்மா பஜார் இன்னாசி, பொம்மை இன்னாசி என்று கேட்டால் பெங்களூர்க்காரன்கூட வழி சொல்லுவான், ஒரு போன் போட்டால் பெட்டி வீடு தேடி வந்து நிற்கும், வரிசையில் நின்று வாங்குகிற பழக்கமெல்லாம் மண்ணெண்ணெயோடு போச்சு. ரெஜினாதான் காரணம். காலையில் இட்லித் தட்டை என் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள், “போறதுன்னா வரிசைல நின்னு போ. நேரா முன்னால போய் நின்னுகிட்டு அதிகாரம் பண்ணாத. அவ உன்னைக் கூப்பிடல, நீயாத்தான் போற.” பெண்டாட்டி சொல்லி நான் கேட்டதாகச் சரித்திரம் இல்லை, ஆனாலும் நிற்கிறேன். வரிசையின் அந்தக் கோடியில், மேடைக்குக் கீழே, வெள்ளைத் துணி போட்ட மேசைக்குப் பின்னால் என் மகள் ஜெசிந்தா. தலை மட்டும்தான் தெரிகிறது. முடியைக் கத்தரித்துவிட்டாள். யாரைக் கேட்டுக் கத்தரித்தாள்? என்னிடம் பேசியே மழைக்காலம் ஒன்று வந்து போய்விட்டது, இதில் முடிக்கு அனுமதி வேறு கேட்பாளா. இன்றைக்கு அவள் செய்த முதல் பொம்மை விற்பனைக்கு வருகிறது, அறுபதே அறுபது உருப்படி, அதில் ஒன்று கையில் வாங்கி, அவளைப் பார்த்து, என்ன சொல்வேன், அதை அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம், வாய் இருக்கிறது, பேசிப் பிழைத்த வாய். பேசினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், வாங்குகிறவனுக்கு விற்கிறவள் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா. அதுதான் என் கணக்கு. ஆனால் நான் இப்படிக் குழாய் ஓரமாக ஒதுங்கி நிற்பது அதனால் இல்லை. எனக்கு முன்னால், கொஞ்ச தூரத்தில், கட்டம் போட்ட சட்டையும் புதிதாகச் சீவின தலையுமாக நிற்கிறானே, அது மாரி. பஜாரில் எனக்கு மூட்டை தூக்குகிறவன். அவனுக்கு முன்னால் நிற்கிற ஐந்து பேரும் அவன் ஆட்கள். நான்தான் நிற்க வைத்தேன்.

நல்லதுக்குத்தான் நிற்க வைத்தேன். அதை யார் நம்புவார்கள். புதுக் கை செய்த பொம்மை, பேர் தெரியாத பெண், இந்த ஊரில் எவன் வாங்குவான், மேசை மேல் பெட்டி பெட்டியாக அப்படியே உட்கார்ந்திருந்து சாயங்காலம் அவளே எடுத்துக் கட்டிக்கொண்டு போகிற காட்சி ஒரு வாரமாக என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விற்காத சரக்கைத் திரும்பக் கட்டுகிற அந்தச் சத்தம், டேப்பைப் பிய்த்து இழுக்கிற சத்தம், அதை நடைபாதையில் வருஷக்கணக்காகக் கேட்டவன் நான், என் எதிரிக்குக்கூட அது வேண்டாம். அதனால் மாரியைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பொம்மை வாங்குங்கள், யார் அனுப்பியது என்று மூச்சு விடாதீர்கள், வெளியே வந்து பெட்டியை என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சினிமாக்காரன் முதல் காட்சிக்கு ஆள் சேர்ப்பதில்லையா. வந்து பார்த்தால் வாசல் வரைக்கும் கூட்டம். காதில் வளையம் போட்ட பையன்கள், குழந்தையைத் தோளில் வைத்த அப்பன்மார்கள், நெற்றியில் விபூதியோடு ஒரு பெரியவர்கூட நிற்கிறார். எல்லாம் என் பெண் செய்த பொம்மைக்கு. எனக்கு நெஞ்சு விம்மினது நிஜம். விம்மினது அடங்குவதற்குள் இன்னொன்று உறைத்தது: இப்போது என் ஆட்கள் ஆறு பேரும் ஆறு பேருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்தத் தொழிலில் ஆள் வைத்து மொத்தமாக வளைத்துப் போடுகிறவனைப் பொம்மை சேர்க்கிற பிள்ளைகள் என்ன பேர் சொல்லித் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும், அந்தப் பேரால் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஜெசியே ஒரு தடவை சாப்பாட்டு மேசையில் திட்டியிருக்கிறாள். அவளுக்கு மாரியைத் தெரியும். சின்ன வயதில் அவன் தள்ளுவண்டியில் உட்கார்ந்து ஊர்வலம் போனவள். தலையை நிமிர்த்தினால் போதும், கண்டுபிடித்துவிடுவாள். நிமிர்த்தாதே கண்ணு. கொஞ்ச நேரத்துக்கு நிமிர்த்தாதே.

எனக்கு முன்னால் நிற்கிறவள் காட்பாடியிலிருந்து வந்திருக்கிறாளாம், நர்ஸ், பேர் சங்கமித்திரை, நைட் டியூட்டி முடித்து நேரே ரயில் ஏறிவிட்டாளாம், கேட்காமலே சொன்னாள், தூங்காதவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. முதுகுப்பைக்குள்ளிருந்து கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினாள், பெட்டியின் முனை மடங்காமல் இருக்க. விவரமானவள். முனை மடங்கினால் கால்வாசி போச்சு, சீல் கிழிந்தால் பாதி போச்சு, சட்டம் அது. நான் அந்தச் சட்டத்தைக் கற்றுக்கொண்டது ஒரு கப்பல் சமையல்காரனிடமிருந்து வாங்கின மூட்டையில். சென்ட் பாட்டில் என்று நினைத்து வாங்கினேன், பிரித்தால் மூன்று கண் முயல், எலும்புக்கூடு கரடி, பல்லை இளிக்கிற மேகம், மொழுமொழுவென்று வினைல் பொம்மைகள், தலையில் அடித்துக்கொண்டு கடையில் தொங்கவிட்டேன், குழந்தைகள் பார்த்து அழுதன. பிறகு ஒரு நாள் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருத்தன் வந்து அந்த முயலைப் பார்த்தான், கை நடுங்கியது அவனுக்கு. கை நடுங்குகிறவனைப் பார்த்தால் எனக்கு மேலே எதுவும் தெரிய வேண்டாம். அன்றைக்குப் பிடித்தேன் இந்தத் தொழிலை. பெட்டியைக் காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினால் உள்ளே இருப்பது கரடியா முயலா என்று சொல்லுவேன். நம் ஊர் வெக்கையில் மூடி வைத்த வினைல் வியர்க்கும், எண்ணெய் தடவின மாதிரிப் பிசுபிசுக்கும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் ஒரு அறை முழுக்க அலமாரி, ஏசி ராப்பகலாக ஓடும், அத்தனையும் சீல் பிரிக்காத பெட்டி. உள்ளே இருக்கிற பொம்மைகளை நான் பார்த்ததே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஜெசி அப்படித்தான் கேட்டாள், சின்ன வயதில், “பார்க்காம எதுக்குப்பா வச்சிருக்கீங்க?” நான் என்ன சொன்னேன், ஞாபகம் இல்லை, அதட்டியிருப்பேன். “சார், நீங்களும் பொம்மை கலெக்டரா?” என்கிறாள் நர்ஸ். ஆமாம் இல்லை என்று எதுவோ சொன்னேன். போனை நீட்டி அந்தப் பொம்மையின் படத்தைக் காட்டினாள், எனக்கே காட்டினாள். “இவர் மூஞ்சியப் பாருங்க சார். எவ்ளோ கோவம். ஆனா பாவமாவும் இருக்கு.” நான் பார்க்காத படமா. தொந்தியும் தொப்பையுமாகக் குத்துக்காலிட்ட ஒரு மனுஷன், காதில் பென்சில், பாதி மூடின கண், இடது கன்னத்தில் ஒரு மச்சம், நீட்டின வலது கைமேல் ஒரு துண்டு. பொம்மைக்குப் பேர் ‘தரகர்’. துண்டு தனியாகக் கழன்று வரும். அதற்கு அடியில் கையில் எத்தனை விரல் நீட்டியிருக்கிறது என்பது பொம்மைக்குப் பொம்மை வேறு, தூக்கிப் பார்க்கிறவரைக்கும் தெரியாது. என் கன்னத்தில் இருக்கிற அதே மச்சம். நான் முகத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் நான் பார்த்தது அந்தத் துண்டும் விரலும். டீ வாங்கிக் கொடுக்கிற பையனாக அங்கே எத்தனை வருஷம் உதை வாங்கினேன். தரகர்கள் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள், கைமேல் துண்டைப் போடுவார்கள், உள்ளே ஒருத்தன் விரலை ஒருத்தன் பிடிப்பான், ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து, வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நிற்கிற மாட்டுக்காரனுக்குக்கூட ரேட் தெரியாது. பிடிக்காத ரேட்டானால் விரலை ஒதுக்கித் தள்ளுவார்கள். நூறு தடவை தள்ளலாம், வெயில் சாயும்வரை தள்ளலாம், தப்பில்லை. கையை வெளியே உருவிவிட்டால்தான் வியாபாரம் முறிந்தது. அதற்கப்புறம் அவன் பின்னால் ஓடினாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, டீ டம்ளரோடு நின்று பார்த்ததுதான். பஜாரில் இதற்கு வேலை இல்லை, அங்கே வாய்தான். ஆனால் கரண்ட் போகிற மத்தியானங்களில் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஜெசிக்குச் சொல்லிக் கொடுத்தேன், விளையாட்டுக்கு. என் துண்டுக்குள் அவள் சின்னக் கை நுழையும், வியர்வையில் வழுக்கும். எதற்குப் பேரம் என்றால் ஸ்கூல் லீவுக்கு. முழுக் கையையும் பிடிப்பாள், ஐந்து நாள் வேண்டுமாம். தள்ளுவேன். மூன்று. தள்ளுவேன். வெளியே இரண்டு பேரும் மழை வருமா வராதா என்று பெரிய மனுஷர்கள் மாதிரிப் பேசிக்கொண்டிருப்போம். கடைசியில் ஒரு விரலில் வந்து நிற்பாள், ஒரே ஒரு நாள், அதில் நான் தோற்றுப்போவேன். அவளிடம் மட்டும்தான் நான் தோற்றது. அப்படிப்பட்டவள் நான் ஒரு பொம்மையை விற்றதற்காக வீட்டை விட்டுப் போவாளா? சொல்லுங்கள், நியாயமா? என் கடை அலமாரியில், விற்கிற பொருளோடு பொருளாக அவள்தான் வைத்தாள், காயட்டும் என்று. கையால் இழைத்த தரகர், துண்டு இல்லாமல், திறந்த கையோடு. அச்சு எடுக்க வேண்டிய மூலப் பொம்மை அதுதான் என்று எவளாவது எழுதி ஒட்டினாளா? பெசன்ட் நகர் கண் டாக்டர் வந்தார், கை நடுங்கியது, நான் கேட்டதைக் கொடுத்தார், என் வாழ்க்கையில் ஒரு பொம்மைக்கு அப்படி ஒரு ரேட் நான் வாங்கியதில்லை, மகள் செய்தது என்று ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, ஓடிவந்து சந்தோஷமாகச் சொன்னேன் அவளிடம், ஆமாம், ஓடிவந்தேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. “அது விக்கிறதுக்கு இல்லப்பா” என்றாள். அவ்வளவுதான். துணியை எடுத்து வைத்தாள். கோடம்பாக்கத்தில் யாரோ சிநேகிதியோடு அறை. மறுபடி முதலிலிருந்து மண் பிசைந்து இன்னொன்று செய்திருக்கிறாள். செய்துவிட்டாள் இல்லையா, அப்புறம் என்ன கோபம். ரெஜினா தினமும் ஒன்றே சொல்கிறாள், டாக்டர் வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கேள். எப்படிக் கேட்பேன்? விற்ற பொருளைத் திருப்பிக் கேட்டு இன்னொருத்தன் வாசலில் போய் நிற்கிறவன் வியாபாரியா? பஜாரில் அது தெரிந்தால் அடுத்த நாளிலிருந்து என்னிடம் ஒருத்தன் போணி பண்ண மாட்டான். நடைபாதையில் போலீஸ்காரன் எட்டி உதைத்தபோதுகூட நான் யாரிடமும் போய்க் கேட்டதில்லை.

என்ன அது, முன்னால் ஒரே சத்தம். வாங்கியவர்கள் திரும்பி வருகிறார்கள், காதில் வளையம் போட்டவன் பெட்டியைத் திறந்தே கையில் வைத்திருக்கிறான், ஐயோ, சீல் கிழிந்திருக்கிறது, அடுத்தவளும் அப்படித்தான், அதற்கடுத்தவனும். என்னடா இது அநியாயம். நர்ஸ் அவர்களை நிறுத்திக் கேட்கிறாள், அவன் பல் தெரியச் சொல்கிறான், மேசையிலேயே சீல் கிழிக்கிறார்களாம், வாங்குகிறவர் கையாலேயே துண்டைத் தூக்கிப் பார்க்க வேண்டுமாம், அப்புறம் பேர் கேட்டுப் பொம்மையின் உள்ளங்காலில் அழியாத மையில் எழுதிக் கொடுக்கிறாளாம், அப்படிச் செய்தால்தான் பொம்மை. முட்டாள் பெண்ணே. சீல் கிழித்துப் பேரும் எழுதிவிட்டால் அதை எவன் மறுபடி வாங்குவான், அந்தப் பேர்க்காரனைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அது ஆகாது, செல்லாக் காசு, மார்க்கெட்டே செத்துப்போகுமே, இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று வரிசையை விட்டு ஓடிப்போய்க் கேட்கலாம்போல இருந்தது, ஒரு கால் வெளியேகூட வைத்துவிட்டேன். வைத்த கால் அப்படியே நின்றது. யார் சொல்லிக் கொடுத்தது. நான்தான். இது எனக்குப் போட்ட பூட்டு. என்னைப் போல் ஆள் வைத்து வளைக்கிறவன் எவனாவது வருவான் என்று தெரிந்து, வந்தால் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போகாதபடி, என் தொழிலை என்னிடமே படித்து, என் கழுத்துக்கு அளவெடுத்துச் செய்த பூட்டு. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தேன். கோபம் வர வேண்டும், வந்தது, ஆனால் அதற்குள் ஏதோ இனித்தது, கெட்டிக்காரி, என்ன கெட்டிக்காரி. இனிப்பு ஒரு நிமிஷம்தான். மாரி. மாரியும் அவன் ஆட்களும். மேசைக்குப் பக்கத்தில் போய்விட்டார்கள். போன் போட்டேன். “டேய், வரிசைய விட்டு வெளிய வா. எல்லாரையும் கூட்டிகினு வெளிய வா. ஒண்ணும் வாங்க வாணாம்.” மறுபக்கம் ஒரே இரைச்சல், அப்புறம் மாரி குரலைத் தாழ்த்திச் சொன்னான், “எப்டிண்ணே வர்றது. பாப்பா பாத்துச்சு. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்ட்டுச்சு.” என்ன சொன்னாள் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல. சிரிச்சுது.” வைத்துவிட்டான். சிரித்தாளா. எப்படிச் சிரித்தாள், உதட்டாலா கண்ணாலா, அதைச் சொல்லாமல் வைத்துவிட்டான் தடிமாடு.

வருகிறார்கள் ஆறு பேரும். கல்யாணத்தில் தாம்பூலப் பை வாங்கினவர்கள் மாதிரி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. நான் யாரும் பார்க்காதபடி கையை நீட்டினேன். மாரி என் கையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பொம்மையை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து உள்ளங்காலைக் காட்டினான். ‘மாரி அண்ணனுக்கு, தள்ளுவண்டி சவாரிக்காக, ஜெசி.’ “எழுதிக் குட்துச்சுண்ணே,” என்றான், “இத்த எப்டி உன்னாண்ட குடுக்கறது.” மற்றவர்களும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள், பொம்மைக் காலைத்தான். துண்டுக்கடியில் ஒருத்தனுக்கு மூன்று விரல், ஒருத்தனுக்கு ஐந்து, மாரிக்கு ஒன்று, அதையே தடவிக்கொண்டிருக்கிறான், மூட்டை தூக்கிக் காய்த்த விரலால் அந்த வினைல் விரலை. இவன் எத்தனை வருஷமாக என் பெட்டிகளைத் தூக்குகிறான், உள்ளே இருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறான். கொடுடா என்று அதட்டினால் கொடுத்துவிடுவான். நீட்டின கையை நான் இன்னும் மடக்கவில்லை. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள், என்னையும் அவனையும் மாறி மாறி, “உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?” என்றாள். கடையில் வேலை பார்க்கிறவர்கள் என்று சொன்னேன். அவள் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டாள், கூட்டத்தில் திருடனைப் பார்த்தால் மாட்டிக்கொள்கிற மாதிரி. போங்கடா என்றேன். போய்விட்டார்கள். வரிசை இப்போது பார்த்து நகருகிறது, சரசரவென்று நகருகிறது, மேசைமேல் பெட்டி அடுக்கு கரைகிறது, இங்கிருந்தே தெரிகிறது, எனக்குக் கண்ணால் எண்ணாமல் இருக்க முடியாது, முன்னால் நிற்கிற தலைகளையும் மீதியிருக்கிற பெட்டிகளையும் எண்ணுகிறேன், எண்ணிக்கை சரியாக வரவில்லை, மறுபடி எண்ணுகிறேன். எனக்குப் பின்னால் விபூதிப் பெரியவர் பேத்தியோடு போனில் பேசுகிறார், வாங்கிட்டு வந்துடுவேன்டா கண்ணு என்கிறார். வாங்க மாட்டீர்கள் ஐயா. உங்களுடையதை மாரி கொண்டு போய்விட்டான். என்னுடையதையும்.

கடைசிப் பெட்டி சங்கமித்திரைக்கு. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன், ஜெசியின் கை மட்டும் தெரிகிறது, விரலெல்லாம் பெயின்ட், நகத்தைக் கடித்திருக்கிறாள், அந்தப் பழக்கம் போகவில்லை. சீல் கிழிகிற சத்தம். புது வினைல் வாசனை, ரெயின்கோட் வாசனை மாதிரி. நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு துண்டைத் தூக்கினாள். கை இல்லை. துண்டுக்குக் கீழே கை இல்லை. சுற்றி நின்றவர்களெல்லாம் ஹோவென்று கத்தினார்கள், சேஸ் சேஸ் என்றார்கள், மொத்தத்தில் ஒன்றே ஒன்று ஒளித்து வைத்திருப்பார்களே, அபூர்வமானது, எல்லோரும் அதற்குத்தான் ஏங்குவார்கள், அந்த ஒன்று. நர்ஸ் பொம்மையைத் திருப்பினாள். தரகர் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருந்தார். எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறாள், முஷ்டி இறுகின மடிப்புகூடத் தெரிகிறது. கைதட்டுகிறார்கள் பைத்தியக்காரர்கள், போட்டோ எடுக்கிறார்கள், இது என்ன என்று இந்த மண்டபத்தில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். கையை உருவிவிட்டான். வியாபாரம் முறிந்தது. இதைச் சொல்லத்தானா இத்தனை மாதம் மண்ணைப் பிசைந்தாய். நர்ஸ் பேரைச் சொல்கிறாள், எழுத்து எழுத்தாக, பேனா கீச்சிடுகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் விலகிவிடுவாள், அப்புறம் எனக்கும் மேசைக்கும் நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள், இப்படியே திரும்பிப் போய்விடலாம், கை கழுவுகிற இடம், வாசல், ஆட்டோ, கூட்டம் என்று ரெஜினாவிடம் சொல்லிக்கொள்ளலாம், கால் திரும்புகிறது, பின்னால் பெரியவர், “நகருங்க சார்” என்கிறார், நகர்ந்தேன், முன்னால்.

“தீர்ந்துடுச்சு,” என்றாள் ஜெசி. யாருக்கும் சொல்கிற குரல். நிமிர்ந்து பார்த்தாள், முடி கத்தரித்ததில் நெற்றி பெரிதாகத் தெரிந்தது, அம்மா நெற்றி. நான் வாயைத் திறந்தேன். பேசிப் பிழைத்த வாய். ஒன்றும் வரவில்லை, காற்றுகூட வரவில்லை, எத்தனை ஓப்பனிங் ரேட் சொன்ன வாய் இது, சுங்கத்துறை அதிகாரியிடம் பேசியிருக்கிறது, போலீஸிடம் பேசியிருக்கிறது. கை கழுத்துக்குப் போனது, துடைக்கத்தான் போனது, கைக்குட்டையை எடுத்தது, எடுத்த கை கீழே வந்து வெள்ளைத் துணிமேல் நின்றது, அதன்மேல் நான் அந்த ஈரக் கைக்குட்டையைப் போட்டேன். அசிங்கமாக இருந்தது. மேசைமேல் மூடி வைத்த எலி மாதிரி. பக்கத்தில் ஒருத்தன் போனைத் தூக்கினான், பெரியவர் எட்டிப் பார்த்தார், தூரத்தில் கம்பத்தின் ஓரம் மாரி நிற்கிறான், போகவில்லை, பொம்மையைத் தடவுவதை நிறுத்திவிட்டான். அவள் பேனாவுக்கு மூடி போட்டாள். மூடி போடுகிற சத்தம் கேட்டு இதோ எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். “வெளிய மழை வருமா?” என்றாள். எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் கைக்குட்டைக்குள் அவள் விரல்கள் நுழைவது தெரிந்தது, பெயின்ட் காய்ந்து சொரசொரப்பாக. மேகமாத்தான் இருக்கு என்றேன், என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. முந்திக்கொண்டு முழுக் கையையும் பிடித்தேன். வீட்டுக்கு வா, ஒரேயடியாக வா. தள்ளினாள். மூன்று விரலைப் பிடித்தேன், மூன்று நாள், பண்டிகைக்கு. தள்ளினாள். கை போகிறதா, போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது, அதன் சூடு இருக்கிறது. இப்போது அவள் என் கையைத் தேடினாள். அவள் ரேட் சொல்கிறாள். ஒரு விரலைப் பிடித்தாள், ஆள்காட்டி விரலை, அடியிலிருந்து. ஒன்று.

ஒரு நாள் என்று நினைத்து நான் சிரிக்கப்போனேன். அவள் கண் சிரிக்கவில்லை. காலியான மேசையில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரே தரகரின்மேல் அவள் பார்வை இருந்தது, அதன் துண்டின்மேல். எந்த ஒன்று என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை, நான் விற்ற, துண்டில்லாத அந்த முதல் தரகர். டாக்டர் வீட்டு ஹாலில், கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்குப் போட்டு வைத்திருக்கிறார், நான் சாகிற வரைக்கும் இது இங்கேதான் என்று எனக்கே காபி கொடுத்துச் சொன்னவர். அந்த வாசலில் போய் நான் செருப்பைக் கழற்ற வேண்டும். விற்றதைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அவர் என்ன கேட்டாலும் கொடுக்க வேண்டும், கொடுக்க மாட்டேன் என்றால் மறுநாளும் போய் நிற்க வேண்டும், பஜார் முழுக்கச் சிரிக்கும். இரண்டு விரலைப் பிடித்தேன். வேறு இரண்டு தருகிறேன். தள்ளினாள், ஒன்றைப் பிடித்தாள். முழுக் கை. அலமாரியையே எடுத்துக்கொள், சீல் அத்தனையையும் நீயே கிழி. அதையும் தள்ளினாள், மறுபடி அதே விரல், இப்போது இறுக்கமாக, வலிக்கிற மாதிரி. “வந்தா நல்லாத்தான் இருக்கும் மழை,” என்றார் பின்னாலிருந்து பெரியவர், ஒன்றும் தெரியாமல். என் கை நடுங்கியது. நடுங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், என் மகள், கை நடுங்குகிறவனிடம் குறைக்கவே கூடாது என்று தெரிந்தவள். குறைக்கவில்லை. நான் அந்த விரலைத் தள்ளவில்லை. மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.